கூம்பு சாரும் ஒரு கோலும்

எந்தப் பல்கலைக்கழக மைதானத்துக்கு வேண்டுமானாலும் விடிகாலையில் போய்ப் பாருங்கள். ஒரு ஓரத்தில் ஒரு மனிதர் குனிந்து குனிந்து எதையோ நட்டுக்கொண்டிருப்பார். தோட்டக்காரர் என்று நினைத்து, "என்ன செடிங்க இது?" என்று கேட்டுவிடாதீர்கள். கோபம் வந்துவிடும். அவர் நடுவது கூம்பு. தெருவில் குழி தோண்டினால் பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒன்று வைப்பார்களே, அதன் குட்டி. அதைத்தான் அளவு நாடா பிடித்து, ஒரு கண்ணை மூடி, தள்ளி நின்று பார்த்து, மறுபடி கிட்டே வந்து ஒரு விரற்கடை நகர்த்தி, மறுபடி தள்ளி நின்று பார்த்து வைத்துக்கொண்டிருப்பார். பெண்ணுக்குப் பொட்டு வைக்கிற தாய்கூட அவ்வளவு பார்க்கமாட்டாள்.

இந்தப் பிராணிக்குப் பெயர் வேகப் பயிற்சியாளர். கால்பந்து ஆடுகிற பிள்ளைகளுக்குச் சிட்டாய் ஓடவும் வெடுக்கென்று திரும்பவும் சொல்லித்தருகிறவர். கால்பந்து சொல்லித்தருகிறவர் வேறு ஆள். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் என்னைக் குறை சொல்லக்கூடாது.

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். கழுத்தில் ஒரு விசில், ஒரு ஸ்டாப்வாட்ச், இரண்டின் கயிறும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருக்கும்; பெரிய மனிதர் யாராவது வந்து இவர் குனிந்து வணக்கம் சொன்னால் விசில் பல்லில் இடிக்கும். ஓட்டக்காரர் உடுப்புத்தான் போட்டிருப்பார், ஆனால் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. கண்ணெதிரே பஸ் கிளம்பினாலும், "உடம்பைச் சூடு பண்ணாம ஓடக் கூடாது" என்று அசையாமல் நின்று பஸ்ஸை வழியனுப்பிவைப்பார்.

அவரிடம் இல்லாத சாமான் கிடையாது. தரையில் விரிக்க ஒரு நாடா ஏணி உண்டு. ஏற முடியாத ஏணி அது ஒன்றுதான். அதன் கட்டங்களுக்குள் பிள்ளைகள் கால் மாற்றிக் கால் மாற்றிக் குதிக்க வேண்டும். "தரை கொதிக்குதுன்னு நெனச்சுக்கோ! கால வெக்காத! எடு! எடு!" என்று அவர் பக்கத்தில் நின்று கத்துவார். இடுப்பில் கட்ட ரப்பர் பட்டை உண்டு, தாண்ட குட்டித் தடைகள் உண்டு, முதுகில் கட்டிக்கொண்டு ஓடினால் காற்றில் விரிந்து பின்னால் இழுக்கிற ஒரு குடைத்துணியும் உண்டு. காற்று பலமாக அடித்த ஒரு நாள், அதைக் கட்டிக்கொண்ட ஒல்லிப் பெண் ஒருத்தி முன்னால் ஓட ஓட பின்னால் போய்க்கொண்டிருந்தாள். வேறு யாராக இருந்தாலும் ஓடிப்போய்ப் பிடித்திருப்பார்கள். இவர், "பின்னாடி போறதும் நல்ல பயிற்சிதான்" என்று சொல்லி அதற்கும் வாட்சை அழுத்தினார்.

பந்து எங்கே என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. பந்துகள் வலைப் பையில், வாய் கட்டப்பட்டு, கம்பியில் தொங்கிக்கொண்டிருக்கும். "பந்து இருந்தா பந்தையே பாப்பாங்க. வேகம் போயிடும்" என்பது அவர் கட்சி. வீட்டில் பால் இருந்தால் பிள்ளைகள் குடித்துவிடும் என்று பாத்திரத்தை மட்டும் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கி வைப்பது போலத்தான் இதுவும்.

இந்த இனத்தில் எனக்கு மிக நன்றாகத் தெரிந்த ஒருவரைக் காட்டுகிறேன். பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுத்தவர். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'கூம்பு சார்'. கால்பந்து சொல்லித்தரும் கோச் முட்டிவலி என்று வேலையை விட்டுப் போனபோது, மைதானம் ஒன்றுதானே, ஆளும் ஒன்று போதும் என்று பல்கலைக்கழகத்தார் அந்த வேலையையும் இவர் தலையிலேயே கட்டிவிட்டார்கள். தலையில் கட்டியதை இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூம்புகளின் வரிசை மட்டும் நீண்டது.

அணியின் தலைவி, கூம்பு சாரின் அக்கா மகள். இடது பக்கத்தில் ஓடி ஆடுகிறவள், கடைசி வருஷம் படிக்கிறவள். வீட்டில் 'பாப்பா'. மைதானத்தில் அந்தப் பெயர் செல்லாது. முதல் நாளே அவர் விரலை உயர்த்திச் சொல்லிவிட்டார்: "கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்தா நான் மாமா இல்ல. சார்."

"கோட்டு மேல நின்னா, மாமா?" என்று அவள் கேட்டாள்.

"கோட்டு மேல நிக்காத. ஓடு."

ஆனால் அவள் காலில் முதல் பந்தை உருட்டிவிட்டவரே இந்த மாமாதான். அப்போது அவள் வாய்க்குள் எல்லாப் பல்லும் முளைக்கவில்லை. அவருக்குத் தலை நிறைய முடி இருந்தது. மாடி வீட்டு நடைபாதையில் இரண்டு செருப்பை கோல் என்று வைத்து, அவள் தட்டுத்தடுமாறி உதைத்த பந்து அந்தச் செருப்புகளுக்கு நடுவே போய்விட்டால் போதும், அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கட்டிடமே அதிர "கோ...ல்" என்று கத்திக்கொண்டு கீழ்மாடி வரைக்கும் ஓடுவார். எதிர் வீட்டு ஜன்னல் கண்ணாடி உடைந்த நாளில்கூட, முதலில் கத்திவிட்டு அப்புறம்தான் இரண்டு பேரும் படிக்கட்டுக்கு அடியில் ஒளிந்தார்கள்.

பிறகு அவர் எங்கேயோ வேகப் பயிற்சி வகுப்பு ஒன்றுக்குப் போனார். போனது மாமா. ஒரு மூட்டைக் கூம்போடு திரும்பி வந்தது வேறு ஆள்.

பல்கலைக்கழகத்துக்கு ஆட வந்த நாளிலிருந்து பாப்பா எத்தனையோ கோல் போட்டுவிட்டாள். ஒவ்வொரு முறையும் பந்து வலையில் விழுந்ததும் திரும்பிப் பார்ப்பாள். கோட்டுக்கு வெளியே மாமாவின் உச்சந்தலை தெரியும். குனிந்து வாட்சைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த உச்சந்தலையில் வழுக்கை எப்படி வந்தது, எங்கே ஆரம்பித்து எப்படி வட்டமாகப் பரவியது என்பது அவர் மனைவிக்குத் தெரியாது, இவளுக்குத் தெரியும். இந்த மைதானத்தில் அவள் போட்ட கோல் ஒன்றையும் அவர் இதுவரை பார்த்ததில்லை. ஒன்றைக்கூட.

பக்கத்துப் பல்கலைக்கழகத்தோடு ஆடுகிற ஆட்டம் அவளுக்குக் கடைசி ஆட்டம். அதற்கு முந்தின நாள் மாமா அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார். சாப்பிடும்போதும் வாட்ச் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது.

"அக்கா, நீங்க அடுப்புலேர்ந்து மேஜைக்கு வர்றப்ப திரும்பற இடத்துல ரெண்டு அடி வீணாக்கறீங்க. இடுப்பைத் தாழ்த்தித் திரும்பினீங்கன்னா..."

"இடுப்பைத் தாழ்த்தி இந்தக் கொதிக்கிற பாத்திரத்த உன் மடியில வெக்கட்டுமாடா?" என்றாள் அக்கா.

பாப்பா சிரிக்கவில்லை. "மாமா, நாளைக்கு நான் கோல் போட்டா பாப்பீங்களா?"

"பாக்காம? உன்னோட முதல் அடி எப்படி விழுந்துச்சுன்னு புள்ளி பிசகாம சொல்லுவேன்."

"அடிய இல்ல மாமா. கோல."

"கோல் எங்க ஓடிப்போகப் போவுது பாப்பா? அது நட்ட இடத்துலயேதான் நிக்கும். ஓடறது நீ. உன்னத்தான பாக்கணும்?"

இந்த இனத்தாரின் பேச்சு இப்படித்தான். கேட்கும்போது சரியாக இருக்கும். கை கழுவும்போதுதான் எங்கேயோ இடிக்கும்.

அந்தப் பருவம் முழுவதும் அவர் பிள்ளைகளுக்குக் கொடுத்த பயிற்சி ஒன்றே ஒன்று. விசில் ஊதினால் ஓடு, கூம்பைக் குனிந்து கையால் தொடு, திரும்பு, ஓடு. கை படாவிட்டால் கணக்கில் சேராது, முதலிலிருந்து ஓட வேண்டும். மழையில் ஓடினார்கள். வெயிலில் ஓடினார்கள். பரீட்சைக்கு முன்னாலும் ஓடினார்கள். அணியின் கோல்கீப்பருக்குப் பெயர் 'சுவரு'. நிற்கிற இடத்தை விட்டு அசையாதவள், வாய் மட்டும் ஓயாதவள். அவளே ஒரு நாள் சொன்னாள்: "என்னடி இது, காலைல கட்டில விட்டு எறங்கினா கை தானா போய்த் தரையத் தொடுது. அம்மா, பொண்ணு இவ்வளவு பணிவா ஆயிட்டாளேன்னு பூரிச்சுப் போறாங்க."

சிரித்தார்கள். அந்தப் பழக்கம் அவளுக்கு மட்டும் வந்ததில்லை, எல்லாருக்கும்தான் என்று ஆட்டத்தன்றுதான் தெரிந்தது.

நடுவர் விசில் ஊதினார். பிள்ளைகள் பறந்தார்கள். பொய் சொல்லக்கூடாது, அப்படி ஒரு ஓட்டத்தை அந்த மைதானம் பார்த்ததில்லை. வலது பக்கத்துப் பெண் பந்தோடு சிட்டாகப் போனாள், எதிராளி ஒருத்தியைத் தாண்டினாள், இன்னொருத்தியைத் தாண்டினாள், மூலைக்குக் கிட்டப் போனாள், குனிந்தாள், தரையைத் தொட்டாள், திரும்பினாள், வந்த வழியே அதே வேகத்தில் ஓடி வந்துவிட்டாள். பந்து, ஸ்டாப்பில் இறக்கிவிடப்பட்ட பயணி மாதிரி அங்கேயே நின்றது.

வேடிக்கை பார்த்தவர்கள் முதலில் புரியாமல் கைதட்டினார்கள். அப்புறம் நடுவில் ஆடுகிறவள் குனிந்தாள். அப்புறம் ஒல்லிப் பெண் குனிந்தாள். எதிரணிப் பெண் ஒருத்தி இடுப்பில் கை வைத்து நின்று கேட்டாள்: "என்னடி, தோடு கீடு விழுந்துடுச்சா? நாங்களும் தேடட்டுமா?"

பாப்பாவின் முறையும் வந்தது. அருமையாகப் பந்து வந்தது, தடுப்பார் இல்லை, கோல்கீப்பர் மட்டும்தான் எதிரே. ஓடினாள். உதைக்க வேண்டிய இடம் வந்தது. அவளுக்கே தெரியாமல் முதுகு வளைந்தது, கை தரைக்குப் போனது. நிமிர்ந்து பார்த்தால் பந்து எதிரணி கோல்கீப்பரின் கையில் குழந்தை மாதிரி படுத்திருந்தது. கோட்டோரத்திலிருந்து குரல் வந்தது.

"சபாஷ்! இந்த வருஷத்துலயே இதுதான் வேகம்!"

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் இவர்களில் மூன்று பேர் ஒன்றாகக் குனிந்த நேரம் பார்த்து எதிரணி பந்தைத் தட்டிக்கொண்டு போய் ஒரு கோல் போட்டது. சுவரு பாய்ந்து பார்த்தாள், எட்டவில்லை. கூம்பு சாருக்கு அந்த மூன்று பேரும் ஒரே நொடியில் குனிந்ததுதான் கண்ணில் பட்டது. "பாருங்க, பாருங்க! ஒருத்தருக்கொருத்தர் இம்மி வித்தியாசம் இல்ல!" என்று பக்கத்தில் நின்ற தண்ணீர்க் குழாய்க்காரரின் முதுகில் தட்டினார். வேறு யாரும் பக்கத்தில் இல்லை.

இடைவேளையில் தண்ணீர் குடிக்கிற பிள்ளைகளுக்கு நடுவே நின்று அவர் ஒவ்வொருத்தியின் வேகத்தையும் சொல்லிக்கொண்டே போனார்.

"சார், ஒரு கோல் வாங்கியிருக்கோம்" என்றாள் சுவரு.

"நீ ஒருத்திதான் முன்னேறவே இல்ல. நின்ன எடத்துலயே நிக்கிற."

"நான் கோல்கீப்பர் சார்."

"சாக்குச் சொல்லாத."

பாப்பா ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டி முடித்த பிறகும் நிமிரவில்லை. கை தரையில் இருந்தது. கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தாள். பிறகு எழுந்து, "சார், ஒரு கூம்பு வேணும்" என்றாள்.

கூம்பு சாரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். இத்தனை வருஷத்தில் அவரிடம் யாரும் கூம்பு கேட்டதில்லை. எடுத்துத் தொலையுங்கள் என்றுதான் கெஞ்சியிருக்கிறார்கள். "ஒண்ணு போதுமா? வரிசையா வெக்கலாமே?" என்றார். கண் கலங்கிவிட்டது என்றுகூடச் சொல்லலாம்.

"ஒண்ணு போதும்."

வாங்கிக்கொண்டு போய், அடுத்த பாதியில் எதிரணி காக்கப்போகிற கோல் வலைக்குப் பின்னால், மைதானத்துக்கு வெளியே, புல்லில் வைத்தாள். நடுவர் வந்து பார்த்தார். கோட்டுக்கு வெளியேதான் இருந்தது. தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

பிள்ளைகளைக் கூட்டிச் சொன்னாள்: "இவ்வளவு நேரம் கூம்பே இல்லாத எடத்துல கண்டபடி குனிஞ்சிட்டிருந்தோம். இப்ப கூம்பு இருக்கு. ஒண்ணே ஒண்ணு. அந்த வலைக்குப் பின்னாடி. வழியில எவளும் குனியக் கூடாது. போறப்ப பந்தையும் கூட்டிட்டுப் போங்கடி."

"நான்?" என்றாள் சுவரு.

"நீ தாயே, எங்கயும் போகாத."

அணிக்கு வழி சொல்லியாகிவிட்டது. தனக்கு வேண்டியது இன்னொன்று பாக்கி இருந்தது. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் ஓடினாள். "அம்மா, மாமா கிட்டேர்ந்து அந்த வாட்ச வாங்கி வெச்சுக்கோ. இன்னிக்கு ஒரு நாள். ப்ளீஸ்."

அம்மா ஏன் என்று கேட்கவில்லை. வேலியைச் சுற்றி வந்து தம்பி முன்னால் கையை நீட்டினாள்.

"கொடுடா."

"அக்கா, ஆட்டம் ஆரம்பிக்கப் போவுது..."

"கொடுங்கறேன்ல."

பல்கலைக்கழகமே சார் என்று கூப்பிடுகிற மனிதர், பொம்மையைப் பறிகொடுத்த குழந்தை மாதிரி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு கழுத்துக் கயிற்றைக் கழற்றினார். விசிலும் சேர்ந்தே வந்தது. அக்கா இரண்டையும் கைப்பையில் போட்டு மூடி, கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர் பக்கத்திலேயே நின்றுவிட்டாள். வாட்ச் பிடித்தே பழகிய கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. பையில் விட்டார். எடுத்தார். முதுகுக்குப் பின்னால் கட்டினார்.

இரண்டாம் பாதியில் கதையே வேறு. எதிரணிக்குத் தலைகால் புரியவில்லை. தோடு தேடிக்கொண்டிருந்த பிள்ளைகள் இப்போது தலையை நிமிர்த்தி, வலையைத் தாண்டி எதையோ வெறித்துக்கொண்டு, பேய் துரத்துவது போல வருகிறார்கள். தடுத்தார்கள், தள்ளினார்கள், பந்தை எங்கெங்கோ உதைத்துவிட்டார்கள். ஆனால் எல்லாரும் களைத்துப்போன அந்தக் கடைசி நேரத்தில் நடுவில் ஆடுகிறவள் ஒரு பந்தை இடது பக்கம் தள்ளிவிட்டாள்.

பாப்பா எடுத்தாள். ஓடினாள். ஆரஞ்சு நிறம் ஒன்றுதான் கண்ணில் தெரிந்தது. உதைக்க வேண்டிய இடம் வந்தது. முதுகு வளையப் பார்த்தது. "இங்க இல்ல, அங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு தனக்கே சொல்லிக்கொண்டு இடது காலால் வீசி உதைத்தாள். கோல்கீப்பர் ஒரு பக்கம் விழுந்தாள், பந்து மறு பக்கம் போனது. வலை துள்ளியது.

மைதானம் கத்தியது. சுவரு முதல் முறையாக இடத்தை விட்டு நகர்ந்து, அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு ஓடி வந்தாள். ஆனால் பாப்பா யாரையும் பார்க்கவில்லை. திரும்பினாள். இந்த முறை உச்சந்தலை தெரியவில்லை. மாமாவின் முகம் நேராக, நிமிர்ந்து, அவள் பக்கமாகவே இருந்தது.

கண் மூடியிருந்தது.

இரண்டு கண்ணும் இறுக மூடி, உதடு மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. வாட்ச் இல்லாவிட்டால் என்ன? வாய் இருக்கிறதே. அவள் ஓட ஆரம்பித்ததும் மனுஷர் கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் எண்ண ஆரம்பித்துவிட்டார்.

"மாமா!" என்று கத்தினாள். கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது.

அவர் கண்ணைத் திறந்தார். "இரு, இரு, கலைச்சிடாத. எண்ணிட்டிருக்கேன். தெறந்துக்கிட்டு எண்ணினா தப்பிடும். அடேங்கப்பா, என்ன வேகம்!" அக்கம்பக்கம் பார்த்தார். "ஆமா, என்ன இவ்வளவு சத்தம்? யாராவது கோல் கீல் போட்டாங்களா?"

"உன் மருமகதான்டா போட்டா" என்றாள் அக்கா. அவள் கை கைப்பையை அழுத்திப் பிடித்திருந்தது. அதைத் தூக்கி அவர் தலையில் போடாமல் இருந்ததே பெரிய காரியம்.

"அப்படியா! சபாஷ். அக்கா, அந்த வாட்சக் கொடுங்க. பாப்பா, அந்த ஓட்டத்த அப்படியே இன்னொரு தரம் ஓடிக் காட்டு. பந்து வேணாம்."

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. பிள்ளைகள் குதித்தார்கள், கட்டிப் பிடித்தார்கள். பாப்பா மட்டும் வலைக்குப் பின்னால் போனாள். கூம்பைக் குனிந்து தொட்டாள். எடுத்துக்கொண்டு மைதானம் முழுக்க நடந்தே வந்தாள். அன்றைக்கு முழுவதும் அவள் நடந்தது அப்போதுதான். அவரிடம் நீட்டினாள்.

"இந்தாங்க, சார்."

அந்த 'சார்' அவருக்கு உறைத்ததா? அதையெல்லாம் நான் நல்லதாக மாற்றிச் சொல்லமாட்டேன். உறைக்கவில்லை. கூம்பில் ஒட்டியிருந்த புல்லைத் துடைத்து, மற்றக் கூம்புகளோடு அடுக்கினார். "பாத்தியா? ஒரே ஒரு கூம்பு, ஆட்டத்தையே மாத்திடுச்சு" என்றார். அதையே பல்கலைக்கழகக் கூட்டத்திலும் சொன்னார். அடுத்த பருவத்துக்கு இன்னும் ஒரு மூட்டை கூம்பு வந்து இறங்கியது. பந்துப் பை அதே கம்பியில் தொங்குகிறது. பாப்பா படிப்பை முடித்துப் போய்விட்டாள். அவள் இடத்தில் வேறொரு பெண் ஓடுகிறாள். அதே உச்சந்தலையைத் திரும்பிப் பார்க்கிறாளோ என்னவோ.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன மாதம் உங்கள் பிள்ளை பள்ளிக்கூட மேடையில் ஏறி நின்று கூட்டத்தில் உங்கள் முகத்தைத் தேடியபோது, கைபேசியை முகத்துக்கு முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டு படம் நடுவில் விழுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது யாரோ வேறு ஆள்தான். கடற்கரைக்குப் போய், அலையைப் பார்க்காமல் கைக்கடிகாரத்தைத் திருப்பி எத்தனை அடி நடந்தோம் என்று பார்த்ததும் நீங்கள் இல்லை. ஒப்புக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இதைப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து, இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ஒரு தரமாவது கீழே தள்ளிப் பார்த்தீர்களா இல்லையா? பார்த்தீர்கள் என்றால், யாருக்கும் தெரியாமல் கழுத்தைக் கொஞ்சம் தடவிக்கொள்ளுங்கள். விசில் ஏதாவது தொங்கப்போகிறது.